வளையலும் நண்டும்

என் பிறந்தகத்தில் நண்டு வாங்கும் இலாகா சிறு வயதிலிருந்தே என்னுடையது. வாசலில் கூடைக்காரியின் குரல் கேட்டதும், "பெரியவளைக் கூப்பிடு" என்பார் அப்பா. நான் போய் ஒவ்வொரு நண்டாகப் புரட்டி, அடி ஓட்டைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவேன். நெகிழ்ந்து கொடுத்தால் அது அண்மையில் சட்டை உரித்த தண்ணீர் நண்டு. உள்ளே சதை இராது. "இதை எடுத்து அந்தப் பக்கம் வை ஆயா" என்று தள்ளிவிடுவேன். கூடைக்காரி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையும் எரிச்சலும் சரிபாதியாக இருக்கும்.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகும் இந்தக் கீர்த்தி குறையவில்லை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் என் பின்னால் நின்று, நான் ஒதுக்கியதைத் தாங்களும் ஒதுக்குகிற பெண்கள் நாலைந்து பேர் உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! அந்தக் கர்வத்துக்கு நான் கொடுத்த விலை நாலு தங்க வளையல்கள்.

என் தம்பிக்குத் தரங்கம்பாடிக்கு அருகே, உப்பங்கழி ஓரத்தில் ஒரு ஏக்கர் குளம் இருக்கிறது. இறால் வளர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் அடுத்தடுத்து வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறாலெல்லாம் செத்து மிதந்தது. மூன்றாவது வருஷம் ஒரு நாள் காலை சென்னைக்கு வந்து சேர்ந்தான். வழக்கமாக எட்டு இட்லி சாப்பிடுகிறவன் மூன்றோடு கையை அலம்பிவிட்டான். பணம் கேட்க வந்திருக்கிறான் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"நண்டு வளர்க்கப் போகிறேன் அக்கா. சேற்று நண்டு. இறாலைப் போல எதற்கெடுத்தாலும் சாகாது. செராட்டா என்று ஒரு ஜாதி இருக்கிறது. சேற்று நண்டுகளிலேயே பெரியது அதுதான். ஆறேழு மாதத்தில் ஒவ்வொன்றும் அரைக் கிலோவைத் தாண்டும்" என்று கைபேசியைத் திறந்து படம் படமாகக் காட்டினான்.

சேற்று நண்டு என்றால் தெரியாத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கழி நண்டு என்றும் சொல்வார்கள். கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, உயிரோடு விற்கிறார்களே, அந்தத் தடி நண்டுதான். ரசம் வைத்தால் ஜலதோஷம் பறந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்தார். "நண்டு பக்கவாட்டில் நடக்கிற பிராணி. அதை நம்பிப் பணம் போட்டால் பணமும் பக்கவாட்டில்தான் போகும்" என்றார். அவர் இப்படி ஏதாவது சொன்னால் அதற்கு நேர்மாறாகச் செய்வது என் வழக்கம். அன்று மாலையே வளையல்கள் பாங்கிக்குப் போயின. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன்: "குஞ்சு வாங்கும்போது நானும் கூட வருவேன். நான் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வாங்க வேண்டும்."

அந்த நிபந்தனையை விதிக்காமல் இருந்திருக்கலாம்.

தை மாதம் இருவரும் போனோம். வியாபாரியின் கொட்டகையில் ஈரச் சாக்கு போர்த்திய கூடைகள் வரிசையாக இருந்தன. உள்ளே இரண்டு விரல் அகலத்தில் நண்டுக் குஞ்சுகள். "அசல் செராட்டா அம்மா! சந்தேகமிருந்தால் ரசீதிலேயே எழுதித் தருகிறேன்" என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார்.

நான் இருபது குஞ்சுகளைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்படவர்களுக்குச் சேற்று நண்டில் இரண்டு ஜாதி உண்டென்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். பெரிய ஜாதி ஒன்று. சின்ன ஜாதி ஒன்று. பெரியது பச்சை, சின்னதற்குக் கொடுக்கு சிவந்திருக்கும் என்று சிறு வயதில் கேட்டதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். கூடையில் இருந்த குஞ்சுகளோ நல்ல பாசிப் பச்சை. கொடுக்கில் சிவப்பு என்ற பேச்சே இல்லை.

"பச்சையாகத்தான் இருக்கிறது தம்பி. தைரியமாக வாங்கு" என்றேன். 2000 குஞ்சுகள் குளத்துக்குப் போயின.

நண்டு வளர்ப்பது குழந்தை வளர்ப்பதைவிடக் கஷ்டம். சட்டை உரித்து மெத்தென்று கிடக்கிற நண்டை மற்ற நண்டுகள் சும்மா விடுவதில்லை, தின்றுவிடும். அதற்காகத் தம்பி குளம் முழுவதும் உடைந்த ஓடுகளும் குழாய்த் துண்டுகளும் போட்டு ஒளிவிடம் செய்து வைத்தான். தினமும் சாயங்காலம் கழிவு மீனை நறுக்கிப் போட்டான். அவன் மனைவி சரோஜா கூடவே நின்று நறுக்கினாள். அவள் கையிலிருந்து அந்த வாசனை போகவே இல்லை என்று பிறகு ஒரு நாள் சொன்னாள்.

மூன்றாவது மாதம் தம்பியிடமிருந்து தொலைபேசி. "அக்கா, இதுகள் கரையைத் துளைக்கின்றன. நேற்று ஒரு முழ ஆழத்துக்கு ஒரு வளை."

"நண்டு வளை தோண்டாமல் வேறென்ன செய்யும்?" என்று அதட்டினேன்.

நாலாவது மாதம் மறுபடியும்: "அக்கா, உள்ளங்கை அளவுகூட வரவில்லை, அதற்குள் பெண் நண்டுகளுக்கு மடிப்பு வட்டமாகிவிட்டது."

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. உங்களில் நண்டு சுத்தம் செய்கிறவர்களுக்குத் தெரியும். நண்டின் வயிற்றுப் பக்கம் ஒரு மடிப்பு இருக்கும். ஆணுக்கு ஒடுங்கி இருக்கும். பெண்ணுக்குச் சின்ன வயதில் முக்கோணமாக இருந்து, பருவம் வருகிற சமயத்தில் சட்டை உரிக்கும்போது அகன்று வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அது பெரும்பாலும் வளர்வதில்லை. உள்ளங்கை அளவுக்குள் வளர்ச்சியை முடித்துக்கொள்கிற நண்டு, அரைக் கிலோ எப்படி வரும்?

வரவில்லை. ஆடி மாதம் பிடித்தபோது கால் கிலோவைத் தாண்டியவையே அபூர்வம். பாதி நண்டுகள் கரை வழியாக எங்கேயோ தேசாந்தரம் போய்விட்டன. வாங்க வந்த ஏஜெண்டு, பெரிய நண்டுக்கு ஒரு விலை, சின்ன நண்டுக்கு ஒரு விலை என்று பிரித்தார். பெரிய நண்டின் தட்டு காலியாக இருந்தது.

தம்பி ரசீதை எடுத்துக்கொண்டு வியாபாரியிடம் போனான். நானும் போனேன். "செராட்டா என்று சொல்லிச் சின்ன ஜாதியைத் தலையில் கட்டிவிட்டீர்களே, நியாயமா?" என்று தம்பி கேட்டான். வியாபாரி பயப்படுவார், அல்லது கோபப்படுவார் என்று நினைத்தேன். இரண்டுமில்லை. அவர் விழித்தார்.

"செராட்டா என்று சொன்னேன், செராட்டாவே கொடுத்தேன். சின்ன ஜாதிக்குத்தானே செராட்டா என்று பெயர்? பெரியது டிராங்குபாரிகா அல்லவா? நீங்கள் பெரியது வேண்டுமென்று கேட்கவில்லையே. செராட்டா வேண்டுமென்றுதானே கேட்டீர்கள்?" என்று சொல்லி, பெட்டியிலிருந்து பழுப்பேறிய ஒரு புஸ்தகத்தை எடுத்துப் போட்டார். நண்டு வளர்ப்பைப் பற்றிய பழைய வழிகாட்டி. அதில் அவர் சொன்னபடியேதான் அச்சாகியிருந்தது. தம்பியின் கைபேசியிலோ, செராட்டாதான் பெரியது. ஒன்றுக்கொன்று நேர் விரோதம்!

வீட்டுக்கு வந்தோம். சரோஜா எனக்குக் காபி கொண்டு வந்தாள். "சாப்பிடுங்கள் அண்ணி" என்றுதான் சொன்னாள். ஆனால் டம்ளரை வைத்த சத்தத்தில் இருபது குஞ்சைப் புரட்டிப் பார்த்து நான் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் முழுவதும் இருந்தது. அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

இந்த இடத்தில் பவானி வந்து சேர்கிறாள். தம்பியின் பெண். சென்னையில் எங்கள் வீட்டில் தங்கி எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவள், அப்பாவும் அம்மாவும் அத்தையும் மூன்று மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, குளத்தில் மிச்சமிருந்த நண்டுகளில் பத்தைப் பிடித்து வரச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் காலின் நுனியை நறுக்கிச் சீசாவில் சாராயச் சத்தில் போட்டாள்.

"காலை நறுக்குகிறாயே அம்மா, பாவம்" என்றான் தம்பி. இத்தனைக்கும் அவன் விற்கிறவன்.

"அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது முளைத்துவிடும் அப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, நீங்கள் நிறத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

"வேறு எதைப் பார்ப்பதாம்?"

"அதுதான் தப்பு. சேற்று நண்டின் நிறம் அது கிடக்கிற சேற்றையும் தண்ணீரையும் பொறுத்து மாறும். எதைப் பார்த்தாலும் பார்க்கலாம், நிறத்தை மட்டும் நம்பக்கூடாது."

நாற்பது வருஷ அனுபவத்தை ஒரு சின்னப் பெண் ஒரே வரியில் தள்ளிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

சென்னைக்குத் திரும்பியதும் அவளுடைய பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலையை ஆரம்பித்தாள். என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

ஒவ்வோர் உயிரின் உடம்பிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட ஏடு இருக்கிறது. அதில் இருப்பவை நாலே எழுத்துக்கள்: ஏ, சி, ஜி, டி. அவற்றையே மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. அந்த ஏடு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 650 எழுத்துள்ள ஒரு குறிப்பிட்ட பகுதியைப் படித்தால் போதும், பிராணி இன்ன ஜாதி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கடையில் சோப்புப் பெட்டியின் மேல் கறுப்புக் கோடு போட்டிருக்கிறதே, அதைப் போல உயிர்களுக்கும் ஒரு கோடு வைத்துக்கொள்ளலாம் என்று 2003ல் கனடாவில் பால் ஹீபர்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் யோசனை சொன்னார்கள். நண்டுக் காலிலிருந்து எடுத்த அந்தத் துளியை, கொரோனா சமயத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர். முறையில் கோடிக்கணக்கான பிரதியாகப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கிறார்கள்.

"ஒரே ஜாதி நண்டுகளுக்குள் நூற்றுக்கு ஓரிரண்டு எழுத்துத்தான் மாறும் அத்தை. பெரிய ஜாதிக்கும் சின்ன ஜாதிக்கும் நடுவில் நூற்றுக்குப் பத்துக்கு மேலேயே மாறும்."

இன்னொரு விஷயமும் சொன்னாள். கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்த 650 எழுத்தும் மைட்டோகாண்டிரியா என்ற பகுதியிலிருந்து எடுப்பது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. நண்டுக்கும் அப்படியே, நமக்கும் அப்படியே.

"அப்பாவுக்கு இதில் பங்கே கிடையாதா?" என்று உரக்கக் கேட்டேன்.

"கிடையாது அத்தை."

கூடத்தில் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது.

"ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு" என்றாள் பவானி. "அம்மா ஒரு ஜாதி, அப்பா வேறு ஜாதி என்று ஒரு கலப்பு நண்டு இருந்தால், இந்தச் சோதனை அம்மாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அதனால்தான் தீர்க்கமாக முடிவு செய்ய வேண்டியவர்கள் இதோடு நிற்பதில்லை."

சில வாரங்கள் கழித்து முடிவு வந்தது. பத்துக் கால்களும் ஒரே ஜாதி, ஸைல்லா ஒலிவேசியா. அதாவது சின்ன ஜாதி. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பவானி முதலில் சிரித்தாள். பிறகு, "ஆலிவ் காய்ப் பச்சை நிறமுள்ளது என்று அர்த்தம் அத்தை" என்றாள்.

பச்சை! எந்த நிறத்தைப் பார்த்து இது பெரிய ஜாதி என்று நான் சத்தியம் செய்தேனோ, அந்த நிறத்தையே 1796ல் ஜெர்மனியிலிருந்து ஹெர்ப்ஸ்ட் என்பவர் சின்ன ஜாதிக்குப் பெயராக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதோ!

அப்படியானால் வியாபாரியின் புஸ்தகம்? அது பொய்யா? இதற்குப் பதில் சொல்லப் பவானிக்கு ஒரு சாயங்காலம் முழுவதும் பிடித்தது. அதைக் கேட்ட பிறகுதான் அந்த மனிதர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அடங்கியது.

முதலில் பெயர் வைத்தவர் ஃபோர்ஸ்கால் என்ற ஸ்வீடன்காரர். டென்மார்க் ராஜா அனுப்பிய யாத்திரைக் கோஷ்டியில் அரேபியாவுக்குப் போனவர், 1763ல் ஏமன் தேசத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்ததை, கோஷ்டியில் உயிர் தப்பித் திரும்பிய ஒரே ஆசாமியான நீபூர் 1775ல் புஸ்தகமாகப் போட்டார். செராட்டா என்ற பெயர் அதில்தான் இருக்கிறது. செங்கடல் பக்கத்து நண்டு அது. பிறகு ஹெர்ப்ஸ்டின் ஒலிவேசியா. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1798ல், டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் இன்னொரு பெயர் வைத்தார்: டிராங்குபாரிகா. டிராங்குபார் என்றால் சாட்சாத் நம் தரங்கம்பாடி! அப்போது அது டென்மார்க்காரர் வசம் இருந்தது. 1620 முதல் 1845 வரை இருந்தது.

1949ல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் எஸ்டாம்படார் என்பவர் இவற்றை ஆராய்ந்து மூன்று ஜாதியும் ஒரு கிளை ஜாதியும் உண்டு என்று எழுதினார். அந்தத் தேசத்துச் செம்படவர்களும் நம்மவர்களைப் போலவே நண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். கிளை ஜாதிக்கு அவர் வைத்த 'பாராமாமோசைன்' என்ற பெயரே அங்கே வழங்கிய 'மாமோசைன்' என்ற பேச்சிலிருந்து வந்ததுதான். ஆனால் 1960ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள், நிறமும் முள்ளும் நண்டுக்கு நண்டு மாறுகின்றன, இவற்றை வைத்துப் பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே செராட்டாதான் என்று அத்தனையையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். உலகம் பெரும்பாலும் அதை ஒப்புக்கொண்டது.

நம் தேசத்தில் மட்டும், பெரியதும் சின்னதும் வேறு வேறு என்பது கண்ணெதிரே தெரிந்ததால், இரண்டு பெயர்கள் வழக்கத்தில் இருந்தன. ஆனால் எந்தப் பெயர் எதற்கு என்பதில்தான் கோளாறு. சின்னதைச் செராட்டா என்றார்கள். பெரியதை டிராங்குபாரிகா என்றும், வேறு பெயராலும் எழுதினார்கள். வியாபாரி படித்தது அந்தக் காலத்துப் புஸ்தகம்.

பிறகு 1998ல் கீனன், டேவி, மான் என்ற மூவர் அதே ஆஸ்திரேலியாவிலிருந்து பழைய கூடையைத் திரும்பவும் பிரித்துக் கொட்டினார்கள். இவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. பல தேசத்து நண்டுகளைச் சேகரித்து, உடம்புப் புரதங்களையும், நான் மேலே சொன்ன தாய்வழி டி.என்.ஏ.யையும், ஓட்டின் அளவுகளையும் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் சேர்ந்து சொன்னது ஒரே பதில்: சேற்று நண்டு நாலு ஜாதி. ஃபோர்ஸ்கால் பார்த்த நண்டு இன்னது என்பதில் இனிச் சண்டை வரக்கூடாது என்று செங்கடலிலிருந்தே ஒரு நண்டை எடுத்து, 'செராட்டா என்றால் இதுதான்' என்று நிலைநாட்டினார்கள். அதுதான் நம் பெரிய ஜாதி. நாம் இத்தனை வருஷம் செராட்டா என்று அழைத்து வந்த சின்ன ஜாதியோ ஒலிவேசியா!

ஆக, தம்பி புதுப் பெயரில் கேட்டான். வியாபாரி பழைய பெயரில் கொடுத்தார். இருவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் நின்று பச்சையைப் பார்த்துத் தலையாட்டியவள்தான்... சரி, அதை விடுங்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. "தரங்கம்பாடி நண்டு என்று ஒன்று இருக்கிறதே, அது எங்கே? அதையாவது தம்பி வளர்க்கலாமே" என்று கேட்டேன். 2014ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பவானி எடுத்துக் காட்டினாள். இந்தியக் கரையோரத்து நண்டுகளின் டி.என்.ஏ.யைச் சோதித்ததில் கிடைத்தவை இரண்டே ஜாதி, செராட்டாவும் ஒலிவேசியாவும். தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கிற நண்டு அந்தச் சோதனையில் அகப்படவில்லை! தென் சீனக் கடல், பிலிப்பைன்ஸ் பக்கம் போனால் பார்க்கலாமாம். நாம் கடலை மாவில் செய்கிற பம்பாய்ச் சட்னியைப் பம்பாயில் போய்த் தேடுகிற கதைதான்.

பவானி சொன்னதில் என் மனத்தில் தைத்தது வேறொன்று. "டி.என்.ஏ. வந்ததால் கண்ணுக்கு வேலையில்லை என்று நினைக்காதீர்கள் அத்தை. முதலில் டி.என்.ஏ.யால் நண்டுகளை நாலு குவியலாகப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு குவியலையும் உற்றுப் பார்த்து, எந்த அடையாளம் குவியலுக்குக் குவியல் தவறாமல் ஒத்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். நிறம் ஒத்து வரவில்லை. முழங்கை ஒத்து வந்தது" என்றாள்.

முழங்கை! நாற்பது வருஷமாக நண்டு உடைக்கிறேன். முழங்கையை உடைத்துச் சதையை எடுத்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் பார்த்ததில்லை. கொடுக்குக்கு முன்னால் ஒரு மூட்டு இருக்கிறதல்லவா, அதன் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். பெரிய ஜாதியான செராட்டாவுக்கு அங்கே இரண்டு முட்கள் நன்றாக நிமிர்ந்து நிற்கும். ஒலிவேசியாவுக்கு வழவழவென்றிருக்கும், மிஞ்சிப் போனால் மொட்டையாக ஒரு மேடு. அடுத்தது நெற்றி. இரண்டு கண்ணுக்கும் நடுவே நாலு பல் இருக்கும். செராட்டாவுக்கு அவை உயரமாக எழும்பி நிற்கும். ஒலிவேசியாவுக்குத் தாழ்ந்து, உருண்டிருக்கும். மூன்றாவது, கால்கள். செராட்டாவின் கால்களில், கடைசித் துடுப்புக் கால் உட்பட, மீன் வலையின் கண்களைப் போலக் கோடுகள் ஓடும். ஒலிவேசியாவின் கால் துடைத்து வைத்தாற்போல் இருக்கும்.

நம்மவர் சொல்கிற சிவந்த கொடுக்கும் முழுப் பொய்யில்லை. வளர்ந்த ஒலிவேசியாவுக்குக் கொடுக்கு சிவந்துதான் இருக்கும் பல சமயம். அதைக் குஞ்சில் தேடியது என் அசட்டுத்தனம். வளை தோண்டுவதும் அதன் குணமே. தம்பி மூன்றாவது மாதமே தொலைபேசியில் அடையாளம் சொன்னான். நான்தான் அதட்டி அடக்கிவிட்டேன்.

சேற்று நண்டு மட்டுந்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கடலில் பிடிக்கிற நீல நண்டு இருக்கிறதே, அதையும் 2010ல் மேற்படி டேவியும் இன்னும் இருவரும் சேர்ந்து நாலாகப் பிரித்துவிட்டார்கள். நம் வீட்டுக் குழம்புச் சட்டியில் எது எது கொதித்திருக்கிறதோ!

மறு வருஷம் தம்பி திரும்பவும் குளத்தில் இறங்கினான். நான் முழங்கை சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்றும், நானே வந்து பொறுக்கித் தருகிறேன் என்றும் சொன்னேன். தம்பி பதில் சொல்லாமல் பெண்ணைப் பார்த்தான். "வேண்டாம் அத்தை. ஒலிவேசியாவுக்கும் சின்னக் குஞ்சாக இருக்கும்போது முழங்கையில் முள் தெரிவதுண்டு. அந்த வயதில் கண் ஏமாந்துவிடும்" என்று பவானி மெதுவாகச் சொன்னாள். சீர்காழிக்கு அருகே தொடுவாயில் இருக்கிற பொரிப்பகத்தில் பெயர் பதிந்து, தாய் நண்டு இன்ன ஜாதி என்று நிச்சயமாகத் தெரிந்த குஞ்சுகளாக வாங்கினார்கள். நான் கூடப் போனேன். ஒரு குஞ்சையும் தொடவில்லை.

அந்தப் பருவம் முடிந்ததும் சரோஜா பனையோலைப் பெட்டியில் ஆறு நண்டுகளை வைத்துப் பவானியிடம் கொடுத்தனுப்பினாள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுத் தாம்பாளத்தில் பாதியை அடைத்தது. "அண்ணிக்கு" என்று ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தாள். அன்று மிளகு தட்டிப் போட்டு வறுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் பக்கவாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் ஒன்றரை நண்டு சாப்பிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நண்டைத் தூக்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முள். வழக்கம் போல் என் பின்னால் நாலைந்து பெண்கள்.

"ஏம்மா, கையைப் பார்த்து ஜோசியமா சொல்றே?" என்றாள் மீன்காரி.

"ஆமாம் ஆயா. இதற்கு நல்ல எதிர்காலம், என் வீட்டுக்கு வரப்போகிறது" என்று சொல்லிப் பையை நீட்டினேன். அவள் நண்டைப் போட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். "உன் கையிலே முன்னே நாலு வளையல் கிடக்குமே, ரெண்டுதான் இருக்கு?" என்றாள்.

மீனை மட்டுமல்ல, எல்லாவற்றையும் கவனிக்கிறாள்! மற்ற இரண்டும் அடுத்த அறுவடைக்கு வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.